பால் பூசிய கம்பியும் லகாட்டுக் கம்பியும்

மோட்டார்க் கம்பி விவகாரம் தொடங்குவதற்கு முன் நான் எந்த நிலையில் இருந்தேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவில் சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. கல்லூரியில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறிய பின் கப்பலேறியவன். தோட்டத்து ஆபீஸில் துரைக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. துரையின் ஆங்கிலத்தில் பிழை நேர்ந்தால் அவர் மனம் நோகாதபடி அதைத் திருத்தி அனுப்புவதும் என் கடமைகளில் ஒன்றாக இருந்தது. நான் சொன்ன சொல் தவறியதாக அந்நாள்வரை எவரும் கூறியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் சிலர் கட்டிவிட்ட கதைகளை எடைபோடுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

துரையிடம் ஒரு மோட்டார் கார் இருந்தது. மேலே துணிக்கூரை, முன்னே இரண்டு பெரிய பித்தளை விளக்குகள். சீமையில் செய்த அந்த வண்டிக்குப் பேராக்கின் மழையும் புழுக்கமும் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பிகளைப் போர்த்தியிருந்த நூலுறை இற்றுப்போயிற்று. அதனுள்ளே இருந்த ரப்பர் காய்ந்து, வெடித்து, பொடியாக உதிர்ந்தது. மிச்சத்தைக் கொட்டகை எலிகள் தின்று தீர்த்தன. விளக்குகள் தமக்குத் தோன்றியபோது எரிந்தன, தோன்றாதபோது அணைந்தன.

ஒரு நாள் கிளப்பிலிருந்து திரும்பும் வழியில் கார் சாலையோர வாய்க்காலில் இறங்கி நின்றது. ஓட்டியவர் துரை. அவருடைய டிரைவரோ பக்கத்து இருக்கையில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். விளக்கு அணைந்ததே விபத்துக்குக் காரணம் என்று துரை தீர்ப்பளித்தார். கிளப்பில் அவர் அருந்தியவற்றுக்கும் இதில் பங்குண்டு என்பது அந்த வாய்க்காலுக்கே தெரியும். ஆனால் அதைச் சாட்சிக்கு அழைப்பார் இல்லை.

மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது ஆட்கள் வேலைக்குப் போகுமுன் வரிசையாக நிற்கும் கூட்டத்தில், துரை டிரைவரை முன்னே அழைத்தார். அவர் தமிழை, ஆட்களை வேலை வாங்கும் கங்காணிகளிடம் கற்றவர். ஆகவே ஏவவும் ஏசவும் மட்டுமே அவருக்குத் தமிழ் வரும்.

“வெள்ளிக்கிழமை பெரிய துரை பினாங்கு இருந்து வாரான். ஈப்போ ஸ்டேஷன். இருட்டுல திரும்புது. லைட் எரியுது, நீ டிரைவர். லைட் எரியலே, நீ பால் வெட்டு!”

பெரிய துரை என்பவர் தோட்டம் தோட்டமாகச் சென்று குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். அவரை வாய்க்காலில் இறக்கிவிட எங்கள் துரை விரும்பவில்லை. டிரைவரோ தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, பால்வெட்டும் தாய் தகப்பன் கையால் வளர்ந்து, காக்கிச் சட்டைக்கு உயர்ந்தவன். செமோர்ப் பக்கத்துக் கங்காணி ஒருவர் அவனுக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார். காக்கிச் சட்டைக்குத்தான் அந்தச் சம்மதம். பால்வாளி தூக்குகிறவனுக்கு அவர் மகளைத் தரமாட்டார் என்பது அங்கே நின்றிருந்த அனைவருக்கும் தெரியும். டிரைவரின் முகம் சாம்பலாகிவிட்டது.

துரை என் பக்கம் திரும்பினார். “கிராணி, நீ காலேஜ். நல்ல ஒயர் வாங்கு.”

“வெள்ளிக்கிழமை விளக்கு எரியும்” என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன்.

அப்போதுதான் டிரஸ்ஸர் தொண்டையைச் செருமினார். அவர் எனக்கு விரோதி அல்லர். அந்த அளவுக்கு அவரை நான் உயர்த்தியதில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. காய்ச்சலுக்குக் கொய்னா, வயிற்றுவலிக்கு விளக்கெண்ணெய், மற்ற நோய்களுக்கு இரண்டும் என்பதோடு அவருடைய வைத்திய சாஸ்திரம் முடிந்தது. பிறர் தம்மை டாக்டர் என்று அழைக்க வேண்டுமென்று, தாமே தம்மை அப்படி அழைத்து வழிகாட்டி வந்தார்.

“எதுக்குங்க தொரை ஒயர் வாங்கணும்?” என்றார். “ஒயருக்கு மேல இருக்கிறது என்னா? ரப்பர். நம்மகிட்ட இல்லாத ரப்பரா? செம்புக் கம்பியப் பாலுல முக்கி, ஆசிட் வுட்டு உறைய வச்சு, புகைவீட்டுல தொங்கப் போட்டா ஒயர் ஆச்சுலா! நாம அனுப்புற சாமான நாமளே போயி வாங்கிட்டு வாரதா?”

கூட்டத்தில் ஒரு பாராட்டு முணுமுணுப்பு எழுந்தது. மூத்த கங்காணி தலையாட்டினார். பால்வெட்டும் பெண் ஒருத்தி பின்வரிசையிலிருந்து கேட்டாள்: “அப்ப தெனம் பாலத் தொடுற எங்க கையில லைட்டு எரியுமா அண்ணே?”

“ஒன் வாயிலதான் எரியுதே, போதும்” என்றார் கங்காணி. பெரட்டே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. மரத்துப் பாலைப் புகையில் காயவைத்தால் அது கச்சா ரப்பர். கந்தகம் சேர்த்து வேகவைத்தால்தான் அது சூட்டைத் தாங்கும். வேகாத ரப்பர் எஞ்சின் பக்கத்தில் இளகிவிடும். அதில் செம்பு பட்டால் இன்னும் விரைவில் கெடும். இதைத் துரைக்கு ஆங்கிலத்திலும் மற்றவர்க்குத் தமிழிலும் எடுத்துரைத்தேன். வெயிலில் கிடந்த ரப்பர் ஷீட் என்ன ஆகும் என்பதை அறியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஷீட்டுகளைப் பிரிக்க முடியாமல் துரையிடம் திட்டு வாங்குவதே அவர்களுடைய அன்றாடம். ஆயினும் அதே ஷீட் கம்பியின்மேல் ஏறிவிட்டால் திருந்திவிடும் என்று அத்தனை பேரும் நம்பினார்கள்.

“ரெண்டும் பாரு” என்று சொல்லிவிட்டுத் துரை போனார். அவருக்கு இரண்டும் ஒன்றே.

மறுநாள் டிரைவரை அழைத்துக்கொண்டு ஈப்போவுக்கு ரயிலேறினேன். செமோர் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது அவன் ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

“ஐயா, டிரஸ்ஸர் ஒயர்லயே லைட்டு எரிஞ்சிட்டா?”

“எரிஞ்சா உன் வேலை இருக்கும்.”

“எரியலேன்னா?”

“அதுக்குத்தான் போறோம். தலையை வெளியே நீட்டி உட்காரு. நீ இன்னும் டிரைவர்தான்.”

ஈப்போக் கடைத்தெருவில் முதலில் நுழைந்தது நம் தமிழ் முஸ்லிம் வியாபாரி ஒருவரின் இரும்புக்கடை. மேசையைத் துடைத்து, நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்து, அதன் பிறகே என்ன வேண்டும் என்று கேட்கும் பெரிய மனிதர். நான் கேட்டவுடன் ஒரு சுருளை எடுத்து முன்னே வைத்தார்.

“சீமைச் சரக்கு கிராணியாரே. துரைமாருங்க காரு பூரா நம்ம கடை ஒயருதான் ஓடுது.”

பேனாக்கத்தியால் உறையைக் கீறினேன். உள்ளே தையல்நூல் பருமனில் ஒற்றை இழை. வாசலில் பொத்தானை அழுத்தினால் உள்ளே மணி அடிக்குமே, அந்த மணிக்கு உரிய கம்பி.

“இது அழைப்புமணிக் கம்பி” என்றேன்.

“மணிக்கும் போடலாம், காருக்கும் போடலாம். கரண்டுக்கு வீடு எது, காரு எதுன்னு தெரியவா போவுது?”

“தீப்பெட்டி இருக்கா?”

“எதுக்கு?”

“கொளுத்திப் பார்க்கணும்.”

“கடையவா?” என்று எழுந்துவிட்டார்.

கம்பியைத்தான் என்று விளக்கி, ஒரு துண்டைக் கொளுத்தினேன். தாரில் தோய்த்த வெறும் நூல், குப்பென்று பற்றி விரல்வரை வந்தது. பிறகு குறடு காட்டினார். அதன் வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். தாடைகளின் இடுக்கு வழியாக எதிர்க்கடையின் பெயர்ப்பலகையைப் படிக்க முடிந்தது.

“இம்புட்டுத் துருவுறீங்களே, பிளையர் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?” என்றார்.

டிரைவர் சிரித்தான். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

அடுத்தது ஒரு சீனர் கடை. முதலாளியான தவுக்கே ஒரு கம்பிச் சுருளைத் தூக்கிக் காட்டி, “பாகுஸ் லா! பாகுஸ்!” என்றார். மலாயில் ‘நல்லது’ என்று அதற்குப் பொருள். அந்தக் கம்பிக்கும் அந்தச் சொல்லுக்கும் எந்த உறவும் இருக்கவில்லை. கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தேன். கறுப்புச் சாயம் கைக்குட்டைக்கு வந்தது. அடியில் பழைய கம்பியின் நரைத்த உடம்பு தெரிந்தது. எங்கோ மோதி நொறுங்கிய லாரியிலிருந்து உருவி, மை பூசி, இளமையாக்கி வைத்திருந்தார்கள். கைக்குட்டையை நான் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினேன். அவர் சற்றும் வெட்கப்படாமல் ஒரு புதுக் கைக்குட்டை எடுத்து, அதையும் விற்கப் பார்த்தார்.

கடைசியாக ஐரோப்பியர் நடத்திய மோட்டார் கம்பெனிக்குப் போனோம். கண்ணாடி அலமாரிக்குள் நல்ல கம்பி சுருள் சுருளாக இருந்தது. நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அதற்கும் எனக்கும் நடுவே ஒரு கிளார்க் இருந்தார். நம்மவர்தான், தமிழ் தம் நாவில் பட்டால் தீட்டு என்று கருதியவர். வாக்கியத்துக்கு ஒரு பிழையாக ஆங்கிலத்தில் விசாரித்தார். நான் பிழையில்லாத ஆங்கிலத்தில் விடை சொன்னேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. உடனே தமிழுக்கு இறங்கிவந்தார்.

“துரை கையெழுத்துப் போட்ட சிட்டு இருக்கா? சிட்டு இல்லாம சாமான் இல்ல.”

“சிட்டு எழுதுறவனே நான்தான். நானே நேரில் வந்திருக்கேன்.”

“அப்ப துரையை அனுப்புங்க.”

அவரை எழுந்து நிற்கவைத்து ஒரு பாடம் நடத்தியிருக்கலாம். டிரைவர் கண்ணாடி அலமாரியைப் பார்த்தபடி நின்ற கோலத்தைக் கண்டு வெளியே வந்துவிட்டேன். நேரம் அவனுடையது, என்னுடையதன்று.

ஈயச் சுரங்கங்களில் பம்புகளுக்கும் லாரிகளுக்கும் கம்பி வேண்டுமே, அவர்கள் எங்கே வாங்குகிறார்கள் என்று யோசித்து, ஈப்போவை அடுத்த லகாட்டுக்குப் போனேன். அங்கே சுரங்கப் பாதையோரம், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கடை. தவுக்கேயின் மனைவி கல்லாவில் இருந்தாள். வரவேற்பும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. கேட்டதை எடுத்துப் போட்டுவிட்டுத் தன் சோற்றைத் தொடர்ந்தாள்.

உறையைக் கீறினேன். பல மெல்லிய இழைகள் சேர்த்து முறுக்கிய செம்பு. ஒவ்வோர் இழைமேலும் வெள்ளீயப் பூச்சு வெள்ளி போல மின்னிற்று. அதன்மேல் வெந்த ரப்பர், அதற்குமேல் நெருக்கமான நூல்பின்னல், மேலே அரக்கு. கொளுத்தினேன், சிடுசிடுத்துக் கந்தக மணம் வீசி அணைந்தது. வளைத்தேன், வெடிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். பல்லால் உறையை லேசாகக் கடித்தும் பார்த்தேன்.

சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாள் கேட்டாள்: “மாவு பெலி கா, மாவு மாகான்?” வாங்கப்போகிறாயா, தின்னப்போகிறாயா என்பது அதன் பொருள்.

வாங்கினேன். வாய் ஒழுங்காக மூடும் குறடு ஒன்றும், ஈயம் பற்றவைக்கும் செம்புக்கோல் ஒன்றும், அதற்குரிய மரப்பிசினும் அவளிடமே கிடைத்தன. அந்தக் கம்பியின் வெள்ளீயம் கிந்தாப் பள்ளத்தாக்கில் தோண்டியதாக இருக்கலாம். ரப்பர் எங்கள் தோட்டத்ததாகவே இருக்கலாம். கடல் கடந்து, படித்தவர்கள் கையில் பக்குவப்பட்டு, பிறந்த இடத்துக்கே திரும்பியிருந்தன. பக்குவத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் போயின என்பதை டிரஸ்ஸருக்கு யாரால் விளக்க முடியும்?

வியாழக்கிழமை நாங்கள் தோட்டத்துக்குள் நுழைந்தபோது அவர் தம் கம்பியைக் காரில் பூட்டியே முடித்திருந்தார். புகைவீட்டில் ஷீட்டுகளோடு ஷீட்டாகத் தொங்கவிட்டு, பொன்னிறமாக எடுத்து, கொல்லனைக்கொண்டு இணைத்திருந்தார். காரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். துரை விசையைத் தட்டினார், விளக்குகள் எரிந்தன. ஆட்கள் கைதட்டினார்கள். நல்ல பாட்டரியிலிருந்து புதிதாகப் பூட்டிய எந்தக் கம்பியிலும் விளக்கு சற்று நேரம் எரியும் என்று நான் சொன்னது கைதட்டலில் கரைந்தது.

“என்ன கிராணியாரே,” என்றார் டிரஸ்ஸர், “ஈப்போக் கடைங்க மிச்சம் இருக்கா, இல்ல எல்லாத்தையும் கொளுத்திட்டு வந்திட்டீங்களா? ஒங்க ஒயர ஆபீசுக்குப் பின்னால கட்டுங்க. வேட்டி காயப்போடலாம்லா.”

டிரைவர் இரண்டு பக்கமும் பார்த்தான். விளக்கு எரிகிறது, அவனுக்கு வேறென்ன வேண்டும்? நான் என் கம்பியையும் கருவிகளையும் ஒரு சாக்கில் கட்டி அவனிடம் கொடுத்து, காரின் பின்னிருக்கைக்கு அடியில் வைக்கச் சொன்னேன். மறுப்புச் சொல்லாமல் வைத்தான்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில், பெரிய துரைக்கு வேண்டிய ஐஸும் புட்டிகளும் வாங்கிவரத் துரை காரைச் சுங்கை சிப்புட்டுக்கு அனுப்பினார். சரக்குச் சரிபார்க்க நான் முன்னால் அமர்ந்தேன். தம் கம்பி ஓடுவதை ஊர் பார்க்க வேண்டும் என்று டிரஸ்ஸர் வெள்ளைக் கோட்டு அணிந்து பின்னால் ஏறிக்கொண்டார். பட்டப்பகலில் விளக்கைப் போடச் சொன்னதும் அவர்தான்.

கடைத்தெரு நடுவே எஞ்சின் மூடியின் இடுக்குகளிலிருந்து புகை வந்தது.

“பொகை இல்ல, ஆவி! தண்ணி சூடாயிருக்கும், ஓட்டுலா!” என்றார் டிரஸ்ஸர்.

“ஆவிக்கு ஏன் டாக்டரு ரப்பர் ஸ்டோர் வாசன அடிக்குது?” என்றான் டிரைவர். வண்டி நின்றது.

மூடியைத் திறந்தோம். பொன்னிறக் கம்பிகள் இருந்த இடத்தில் பலாப்பழப் பசை போன்ற ஒன்று இழுபட்டுத் தொங்கிற்று. உறை இளகி வழிந்து, செம்பு வெளியே வந்து, கம்பியும் கம்பியும் தழுவிக்கிடந்தன. ஆசிட் பட்ட இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது. டிரஸ்ஸர் பதறி இரண்டு கைகளாலும் அவற்றைப் பிரிக்கப் போனார். கம்பிகள் பிரியவில்லை, அவர் சேர்ந்துகொண்டார். கையை உதற, ரப்பர் இழைகள் கோட்டுக்குத் தாவின. கோட்டைத் துடைக்க, இழைகள் மீசைக்குப் போயின.

லாரி ஆள் ஒருவன் கூட்டத்தை விலக்கி எட்டிப்பார்த்தான். “மச்சான், இங்க பாரு! டிரஸ்ஸர் காருக்கும் சேத்துக் கட்டுப் போட்டுட்டாருலா!”

கடைத்தெரு சிரித்தது. டிரைவர் மட்டும் சக்கரத்தருகே குந்திவிட்டான். “முடிஞ்சிச்சு ஐயா. சாயங்காலத்துக்குள்ள செமோருக்குச் சேதி போயிடும்.”

“எழுந்திரு” என்றேன். “பாட்டரிக் கம்பியை முதலில் கழற்று. பின்னிருக்கைக்கு அடியில் சாக்கு இருக்கு.”

பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் கரியடுப்பைத் தெருவுக்குத் தூக்கிவந்து கொடுத்தார். அதில் செம்புக்கோலைச் சூடேற்றினோம். எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே போகவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். டிரைவர் அறுத்தான், உரித்தான், முறுக்கினான், பிசின் தடவிப் பற்றவைத்தான். எஞ்சின் சூட்டுக்கு விலகியே கம்பி போகும்படி தோல்வாரால் கட்டவைத்தேன். டிரஸ்ஸரை யாரோ மண்ணெண்ணெய் கொண்டு காரிலிருந்து பிரித்து எடுத்தார்கள். போகும்போது, ஆஸ்பத்திரியிலிருந்து கொஞ்சம் ஆசிட் அனுப்பட்டுமா, ஈயம் நன்றாகப் பிடிக்கும் என்று கேட்டார். மனிதரின் உறுதியைப் பாராட்டத்தான் வேண்டும்.

வெயில் சாயுமுன் விசையைத் தட்டினோம். கண்ணாடிமேல் உள்ளங்கையைக் குவித்து மறைத்து, உள்ளே எரிகிறதா என்று டிரைவர் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். காக்கிச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினான்.

அன்று இருட்டிய பின் ஈப்போவிலிருந்து தோட்டம்வரை விளக்குகள் ஒரு முறைகூடக் கண்சிமிட்டவில்லை. வழியெல்லாம் எங்கள் துரை, கம்பியைத் தாமே தேர்ந்தெடுத்ததாகப் பெரிய துரையிடம் சொல்லிக்கொண்டு வந்தாராம். அதில் எனக்கு வருத்தமில்லை. துரைமாருக்கு அப்படிச் சில சின்ன இன்பங்கள் உண்டு.

டிரஸ்ஸர் சும்மா இருக்கவில்லை. ஆண்டுகள் போகப் போக, கிராணிமார் கூடும் இடங்களிலெல்லாம் அவர் ஒரு கதை சொல்லிவந்தார். தோட்டத்துப் பால் கம்பி ஒழுங்காக வேலை செய்ததாம். கிராணி பொறாமையால் அதைப் பிடுங்கிவிட்டு ஈப்போக் கம்பியைப் பூட்டினாராம். அதனால் கார் நடுச்சாலையில் தீப்பற்றி எரிந்ததாம். டிரைவரைத் துரை அன்றே பால்வெட்டுக்கு அனுப்பிவிட்டாராம். செமோர்க் கல்யாணமும் நின்றுபோயிற்றாம். கேட்டவர்கள் பலர் நம்பினார்கள். இரண்டொருவர் என் முகத்துக்கு நேரேயே அனுதாபம் தெரிவித்தார்கள்.

கார் எரியவில்லை, புகைந்தது மட்டுமே. புகைந்தது பால் பூசிய கம்பி. விளக்கெரித்த கம்பி வாங்கியது ஈப்போவில் அல்ல, லகாட்டில். டிரைவர் டிரைவராகவே இருந்தான். செமோர்க் கல்யாணம் அடுத்த தை மாதத்தில் நடந்தது.